இரண்டு மாத ஊசியை ஆறு மாதத்துக்குத் தள்ளிப் போடலாமா?

கேள்வி:

டொக்டர், எங்களுக்குக் கலியாணம் முடிந்து நாலு வருஷத்துக்குப் பிறகு பிறந்த மகன். இன்றைக்கு 44 நாள். இருப்பது கோண்டாவிலில். ஆஸ்பத்திரியிலேயே இடது கையில் காசநோய்க்கான பீ.சி.ஜி. ஊசி போட்டு அனுப்பினார்கள். அந்த இடம் இப்போது வீங்கி, நுனியில் மஞ்சளாகச் சீழ் கட்டி நிற்கிறது. மாமி மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசச் சொல்கிறா. இரண்டு மாதம் முடிய அடுத்த ஊசி என்று எங்கள் பகுதி மருத்துவிச்சி மிஸ் பிள்ளையின் கொப்பியில் திகதி எழுதித் தந்திருக்கிறா. இவர் வேண்டாம் என்கிறார். "ஒரே நாளில ஆறு வருத்தத்துக்கு மருந்தோ, பிஞ்சு உடம்பு தாங்குமோ, ஆறு மாதம் போகட்டும், பிள்ளை நல்லாத் தேறட்டும்" என்கிறார். ரொறன்ரோவில் இருக்கிற மச்சாளும் "இஞ்ச பீ.சி.ஜி.யே போடுறேல்ல, அங்கதான் எல்லாத்தையும் குத்துறாங்கள்" என்று போனில் சொல்லிவிட்டா. நான் பிரசவ விடுதியில் இருந்தபோது ஊசியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டேன். "நீங்கள் டொக்டரோ, நான் டொக்டரோ?" என்று எல்லாருக்கும் முன்னால் ஒருவர் திருப்பிக் கேட்டார். அன்றைக்கு இருந்து எனக்கும் மனம் ஒரு மாதிரி. யார் சொல்வதைக் கேட்பது?

— ஒரு தாய், கோண்டாவில்

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

முதலில் மகனின் கை. அது ஊசி வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம். பீ.சி.ஜி.யைத் தோலுக்குள்ளேயே போடுவார்கள். போட்ட அன்று ஒரு சின்னத் தடிப்பு தெரியும், அது மறைந்துவிடும். இரண்டு முதல் ஆறு கிழமைக்குள் அதே இடத்தில் பரு மாதிரி ஒன்று எழும்பி, சீழ் கட்டி, சிலருக்கு உடைந்து கசிந்து, காய்ந்து, கடைசியில் சின்னத் தழும்பாக நிற்கும். உங்கள் மகனுக்கு ஆறு கிழமை தாண்டியிருக்கிறது, சரியான காலம்தான். மஞ்சள் வேண்டாம், வேப்பிலை வேண்டாம், பிதுக்கவும் வேண்டாம், கட்டுப் போடவும் வேண்டாம். குளிக்க வார்க்கலாம், மெல்ல ஒற்றி எடுத்துவிட்டு விட்டுவிடுங்கள். கக்கத்தில் கட்டி மாதிரிப் பெரிதாகத் தட்டுப்பட்டால் மட்டும் கிளினிக்கில் காட்டுங்கள். மாமி பயந்து சொல்கிறா, பேரப்பிள்ளையின் கையில் சீழைப் பார்த்தால் எந்த அப்பம்மாவுக்கும் பதறும். அவவின் சொந்தக் கையிலும் அனேகமாக இதே தழும்பு இருக்கும், அதைக் காட்டிச் சொல்லுங்கள்.

அடுத்தது விடுதியில் நடந்தது. அது பிழை. பிள்ளை பெற்று இரண்டாம் நாள், தையல் வலியோடு இருக்கிற ஒரு தாய், தன் பிள்ளைக்கு என்ன போடுகிறீர்கள் என்று கேட்பதில் ஒரு குற்றமும் இல்லை. நாற்பது கட்டில், இரண்டு டொக்டர், இரவு முழுக்க நித்திரை இல்லை என்று எங்கள் பக்கத்துக்கு நூறு காரணம் இருக்கும். உங்களுக்கு அதில் ஒன்றும் ஆகப் போவதில்லை. அந்தத் தொழிலில் இருக்கிறவள் என்ற முறையில் நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அந்த ஒரு வசனம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது பாருங்கள். கோபம் அவர் மேல், தள்ளிப் போவது மகனின் ஊசி.

நீங்கள் கேட்டதற்கு நேரான பதில், தள்ளிப் போட வேண்டாம். கொப்பியில் எழுதிய திகதியில் கொண்டு போங்கள். உங்கள் இருவருக்கும் உள்ள கேள்விகளில் ஒன்றையும் விடாமல் கேளுங்கள், பதில் வரும்வரை கேளுங்கள். ஆனால் கேள்விக்குப் பதில் தேடுகிற அந்த நாட்களில் பிள்ளை பாதுகாப்பில்லாமல் கிடக்கக் கூடாது.

"தேறட்டும்" என்ற சொல்லைத்தான் நான் கிளினிக்கில் அதிகம் கேட்கிறேன். அன்பில் வருகிற சொல். ஆனால் இந்த ஊசிகள் தடுக்கிற வருத்தங்கள் பிள்ளை தேறும்வரை பொறுத்திருப்பதில்லை. குக்கலை எடுங்கள். பெரியவர்களுக்கு அது வாரக்கணக்கில் நீளும் ஒரு இருமல், அவ்வளவுதான். பள்ளிக்கூடம் போகிற அண்ணனுக்கு வந்தால் இரவெல்லாம் இருமுவான், சத்தி எடுப்பான், பிறகு சுகமாகிவிடுவான். அதே கிருமி மூன்று மாதப் பிள்ளையின் மூச்சுக்குழாயில் ஏறினால் கதை வேறு. குக்கலால் இறக்கிற பிள்ளைகளில் பெரும்பாலானோர் மூன்று மாதத்துக்கு உட்பட்டவர்கள்.

நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பார்த்த ஒரு பிள்ளையைச் சொல்கிறேன். மூன்றரை மாதம். குடும்பம் இடம் மாறி இருந்ததால் கிளினிக் தவறி, இரண்டு மாத ஊசி போடப்படவில்லை. வீட்டில் அக்காவுக்கு மூன்று கிழமையாக இருமல். பிள்ளைக்குப் பெரிய இருமல் கூட இல்லை, அதுதான் எங்களை ஏமாற்றியது. இந்த வயதில் "கூ" என்ற அந்த இழுப்புச் சத்தம் பெரும்பாலும் வராது. முகம் சிவக்கும், நாக்கு வெளியே தள்ளும், பிறகு உதடு நீலமாகி மூச்சு நின்றுவிடும். நாங்கள் முதுகைத் தடவி, உள்ளங்காலைச் சுண்டி, ஒட்சிசன் பிடித்தால் திரும்ப ஒரு மூச்சு எடுக்கும். அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அப்படி. இரவு முழுக்க அந்தத் தாய் பிள்ளையின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தா, கண்ணை எடுக்கவில்லை. பிள்ளை பிழைத்தது. 19 நாள் வைத்திருந்தோம். அதற்குப் பிறகு எந்தப் பெற்றோர் "கொஞ்சம் தேறட்டும்" என்று சொன்னாலும் எனக்கு அந்த உதடுதான் ஞாபகம் வருகிறது.

கணக்கைப் பாருங்கள். 2, 4, 6 மாதங்களில் போடுவது ஒரே ஊசியின் மூன்று தவணை. முதலாவது அறிமுகம், இரண்டாவது பிடிமானம், மூன்றாவது பலம். ஆறு மாதத்தில் தொடங்கினால் மூன்றும் முடியப் பத்து மாதம். ஆபத்து அதிகமான மாதங்கள் முழுவதும் வெறுங்கையோடு கடந்துவிடும். கர்ப்பமாக இருக்கும்போது உங்களுக்குப் போட்ட ஊசியால் ஏற்புவலிக்கு மகனிடம் கொஞ்சப் பாதுகாப்பு இருக்கிறது. குக்கலுக்கு அப்படி ஒன்றை நம்பி இருக்க முடியாது.

"தாங்குமோ" என்ற கேள்விக்கு வருகிறேன். அன்றைக்கு மகனுக்குப் போடுவது என்ன என்று இவரிடம் விரித்துச் சொல்லுங்கள். தொடையில் ஒரு ஊசி. அந்த ஒன்றுக்குள்ளேயே தொண்டைக்கரப்பன், குக்கல், ஏற்புவலி, ஈரலைத் தாக்கும் ஹெபடைற்றிஸ் பி, மூளைக்காய்ச்சலும் நியூமோனியாவும் கொண்டுவரும் ஹிப் கிருமி ஆகிய ஐந்துக்கும் மருந்து இருக்கிறது. கையில் தோலுக்குள் இன்னுமொரு சின்ன ஊசி, போலியோவுக்கு, அளவு 0.1 மில்லிலீற்றர். அப்புறம் வாயில் போலியோச் சொட்டு. ஆறு வருத்தம் என்று கேட்கப் பயமாகத்தான் இருக்கும். தொடை ஊசியில் இருப்பது செத்த கிருமியும் கிருமித் துண்டுகளும்தான், பிள்ளைக்குள் பெருகக் கூடியது ஒன்றுமில்லை. மகன் பிறந்த நிமிடத்திலிருந்து உங்கள் மார்பிலும், இவரின் மீசையிலும், வந்து பார்த்துக் கொஞ்சிவிட்டுப் போன சொந்தக்காரரின் கன்னத்திலும் இருந்து எண்ணிக்கையில்லாத கிருமிகளைச் சந்தித்துக்கொண்டுதான் இருக்கிறான். அவனது உடம்பு அந்த வேலைக்குத் தயாராகத்தான் பிறந்திருக்கிறது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்குக் கூட நாங்கள் பிறந்த நாளில் இருந்தே மாதக் கணக்கு வைத்துத்தான் போடுகிறோம்.

ரொறன்ரோ மச்சாள் சொன்னதில் பாதி உண்மை. அங்கே பீ.சி.ஜி. எல்லாப் பிள்ளைக்கும் போடுவதில்லை, காரணம் அங்கே பொதுச் சனத்தில் காசநோய் மிகக் குறைவு. இங்கே காசநோய் இன்னும் இருக்கிறது. பக்கத்து வீட்டில் இருமுகிற தாத்தாவிடம் இருந்து பச்சைப் பிள்ளைக்குத் தொற்றினால் அது நுரையீரலோடு நிற்காமல் மூளை உறைக்கும் போகலாம். பீ.சி.ஜி. முக்கியமாகத் தடுப்பது அந்த மூளைக்காய்ச்சலைத்தான். அதனால்தான் வீட்டுக்கு அனுப்பும் முன்பே போடுகிறார்கள். மற்றப் பாதிக்கு மச்சாளிடம் ஒரு உதவி கேளுங்கள். அவவின் பிள்ளைகளுடைய மஞ்சள் நிறத் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்ராறியோவிலும் ஊசி இரண்டாம் மாதத்தில்தான் தொடங்குகிறது, பிறகு நாலு, ஆறு. அந்த முதல் நாளில் இரண்டு ஊசியும் ஒரு வாய் மருந்தும் கொடுக்கிறார்கள். நியூமோனியாக் கிருமிக்கும் ரோட்டா வைரஸ் வயிற்றோட்டத்துக்கும் அங்கே மருந்து இருக்கிறது, எங்கள் அரச அட்டவணையில் அவை இல்லை. எனவே "அங்கதான் எல்லாத்தையும் குத்துறாங்கள்" என்பது அப்படியே தலைகீழ். 2025இல் அதே ஒன்ராறியோவில் சின்னமுத்து பெரிய அளவில் பரவியது, பெரும்பாலும் ஊசி போடாதவர்களிடையே. அந்த ஆண்டு நவம்பரில் கனடா சின்னமுத்தை ஒழித்த நாடு என்ற தகுதியையே இழந்தது.

ஒரு விஷயத்தில் மச்சாளின் பக்கம் நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். இங்கே போடும் ஐந்து மருந்து ஊசியில் குக்கலுக்கு உள்ளது முழுக் கிருமியைக் கொன்று செய்த வகை. கனடாவில் கிருமியின் சில பகுதிகளை மட்டும் பிரித்துச் செய்த வகை. எங்களுடையதில் காய்ச்சலும் வீக்கமும் அழுகையும் கூட, பாதுகாப்பு குறைவில்லை. அந்த மற்ற வகை இங்கே தனியார் ஆஸ்பத்திரிகளில் காசுக்குக் கிடைக்கும். உங்களுக்கு வசதி இருந்து, அதுதான் இவருக்கு மன ஆறுதல் என்றால் தாராளமாகப் போடலாம். "ஸ்ரொக் வரட்டும்" என்று மாதக்கணக்கில் காத்திருப்பது மட்டும் வேண்டாம். அரச கிளினிக்கில் இலவசமாகப் போடுவது எந்த விதத்திலும் ஏழைக்கான இரண்டாந்தர மருந்து அல்ல.

இனி நம்பிக்கை. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு "அரசாங்கம் தருவதை ஏன் நம்ப வேண்டும்" என்று ஒருவர் கேட்டால் எனக்குக் கோபம் வராது. நாங்கள் பட்டது அப்படி. ஆனால் தடுப்பூசி விஷயத்தில் எனக்குத் தெரிந்த சிலவற்றைச் சொல்ல வேண்டும். 1995இல் தொடங்கிய தேசிய போலியோச் சொட்டு நாட்களுக்காக, சண்டை உச்சத்தில் நடந்த காலத்திலேயே, இரண்டு தரப்பும் துவக்கைக் கீழே வைத்தன. இந்த நாட்டில் கடைசிப் போலியோ நோயாளி 1993இல். 2014இல் இலங்கை உட்பட எங்கள் பிராந்தியமே போலியோ அற்றது என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. மாத்தறையில் பிறக்கிற பிள்ளைக்கும் கோண்டாவிலில் பிறக்கிற பிள்ளைக்கும் அட்டவணை ஒன்றுதான், மருந்தும் ஒன்றுதான்.

நீங்கள் பயப்படுகிற இதே ஐந்து மருந்து ஊசிக்கு ஒரு வரலாறு உண்டு. இணையத்தில் இவர் அதைப் பார்த்திருக்கக் கூடும், ஆகவே நானே சொல்கிறேன். 2008 ஜனவரியில் இலங்கையில் இதை அறிமுகப்படுத்தினார்கள். சில மாதங்களுக்குள் ஊசி போட்ட பிறகு சில பிள்ளைகள் இறந்ததாகப் பதிவானது. மூடி மறைக்கவில்லை. நிறுத்தி வைத்தார்கள், நிபுணர் குழு ஒவ்வொரு பிள்ளையின் விபரத்தையும் எடுத்து ஆராய்ந்தது. அந்த இறப்புகளுக்கு ஊசிதான் காரணம் என்று சொல்ல ஆதாரம் கிடைக்கவில்லை, 2010இல் திரும்பத் தொடங்கினார்கள். சிலர் இந்தச் சம்பவத்தை ஊசிக்கு எதிரான சாட்சியாகச் சொல்வார்கள். எனக்கு அது வேறு மாதிரித் தெரிகிறது. ஒரு சந்தேகம் வந்தவுடன் நாடு முழுக்க நிறுத்திப் பார்க்கிற ஒரு முறை இங்கே இருக்கிறது.

திகதிகளும் அப்படித்தான். கல்லில் வெட்டியவை அல்ல, வருத்தத்தைப் பார்த்து மாற்றுகிறார்கள். சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்குமான ஊசியை 2011இல் ஒரு வயதுக்கு வைத்தார்கள். 2013, 2014இல் சின்னமுத்து பரவியபோது ஒரு வயது நிரம்பாத பிள்ளைகள் பலர் பாதிக்கப்பட்டார்கள். 2015இல் இருந்து அது ஒன்பதாம் மாதம். கனடாவில் அது பன்னிரண்டாம் மாதம், அங்கே அப்படி வைக்கக் காரணம் வேறு. இதைத்தான் இவருக்கு விளங்கப்படுத்த வேண்டும். கொப்பியில் உள்ள திகதி, இந்த ஊரில் இந்த வருத்தம் எந்த வயதில் பிள்ளையைப் பிடிக்கிறது, பிள்ளையின் உடம்பு எந்த வயதில் மருந்தை ஏற்கிறது என்ற இரண்டையும் பார்த்து வைத்தது.

சின்னமுத்து ஊசியால் ஓட்டிசம் வரும் என்றும் யாராவது சொல்லத்தான் போகிறார்கள். 1998இல் இங்கிலாந்தில் வந்த ஒரு கட்டுரையில் தொடங்கிய கதை அது. 2010இல் அந்தக் கட்டுரையை வெளியிட்ட சஞ்சிகையே அதை மீளப் பெற்றது, எழுதியவர் வைத்தியப் பதிவை இழந்தார். டென்மார்க்கில் ஆறரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 2019இல் வந்த ஆய்வில் ஒரு தொடர்பும் இல்லை. இதற்கு மேல் இதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது. அன்றைக்கு இவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கிளினிக் நாட்களில் நான் பார்க்கிற காட்சி ஒன்று உண்டு. தாய்மார் உள்ளே வாங்கில் பிள்ளையோடு, அப்பாமார் கேற்றுக்கு வெளியே மரத்தடியில் மோட்டார் சைக்கிளில் இருந்தபடி போன் பார்த்துக்கொண்டு. உள்ளே ஒருவரும் தடுப்பதில்லை, வரலாம். ஊசி வேண்டாம் என்று முடிவெடுக்கிறவர் அதைப் போடுகிறவரோடு ஒரு முறையாவது நேரே கதைக்க வேண்டும். வீட்டில் இருவரும் இருந்து மூன்று கேள்வியைக் கடதாசியில் எழுதுங்கள். சனம் குறைந்த பிறகு, முடியும் நேரத்தில், சுகாதார வைத்திய அதிகாரியிடமோ மிஸ்ஸிடமோ கேளுங்கள். முந்தின நாள் மிஸ்ஸுக்குப் போன் எடுத்து "இவரும் வருகிறார், ஐந்து நிமிடம் கதைக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. அவ உங்கள் வீட்டுப் படியேறி வந்து பிள்ளையின் நிறை பார்த்தவர், உங்களை விரட்ட மாட்டா.

போடும் முன் போத்தலைக் காட்டச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. லேபிளில் ஊதா நிறத்தில் ஒரு சின்ன வட்டம், அதன் நடுவில் வெளிறிய சதுரம் ஒன்று இருக்கும். மருந்து 2 முதல் 8 பாகைக் குளிரில் இருக்க வேண்டியது. வழியில் சூடு பட்டால் அந்தச் சதுரம் கறுத்துக்கொண்டே வரும், வட்டத்தின் நிறத்தைத் தொட்டுவிட்டால் அந்தப் போத்தலைப் பாவிக்கக் கூடாது. சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் சரி. இவரைக் கூப்பிட்டு அதைப் பார்க்க வையுங்கள். ஊசிச் சிறிஞ்சை உங்கள் முன்னால்தான் பக்கற்றில் இருந்து உடைப்பார்கள், ஒரு முறை பாவித்தால் அது தானாகவே பூட்டிக்கொள்ளும். கொப்பியில் திகதிக்குப் பக்கத்தில் மருந்தின் தொகுதி இலக்கம் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சளி, லேசான தடிமன் இருந்தால் அதற்காகத் திரும்பிப் போக வேண்டாம், மிஸ்ஸிடம் சொல்லுங்கள், பார்த்துச் சொல்வா. நல்ல காய்ச்சல் இருந்தால் மட்டும் சில நாள் பிந்தும். ஊசி போட்ட கையோடு பால் கொடுங்கள், அழுகை தணியும். இருபது நிமிடமாவது அங்கேயே இருந்துவிட்டு வாருங்கள். அரிதாக வரும் ஒவ்வாமை வந்தால் அந்த நேரத்துக்குள்தான் பெரும்பாலும் வரும், மருந்தும் அங்கே கையில் இருக்கும். அன்று பின்னேரம் உடம்பு சுடலாம், தொடை சிவந்து வீங்கலாம், இரவு சிணுங்குவான். பரசிற்றமோல் அளவு நிறைக்கு ஏற்றபடி, கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணித்தியாலத்துக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம். சொட்டு மருந்துப் போத்தலும் பாணிப் போத்தலும் ஒரே செறிவு அல்ல. ஆகவே எத்தனை மில்லிலீற்றர் என்று உங்கள் போத்தலைக் காட்டி மிஸ்ஸிடமே கேட்டு, கொப்பியில் எழுதி வாங்குங்கள். தொடையில் தைலம், பாம் ஒன்றும் பூசித் தேய்க்க வேண்டாம், ஈரத் துணி போதும். மூன்று மணித்தியாலத்துக்கு மேல் விடாமல் வீரிட்டு அழுதால், துவண்டு வெளிறினால், எழுப்பக் கஷ்டமாக இருந்தால், வலிப்பு வந்தால், மூச்சு இழுத்தால், காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் விடியும்வரை பார்க்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். என்ன நடந்தாலும் அதை மிஸ்ஸிடமும் சொல்லிக் கொப்பியில் பதிய வையுங்கள், மேலே அறிவிக்க வேண்டியது அவர்கள் கடமை.

ஏதோ காரணத்தால் திகதி தவறிப் போனால், பேச்சு விழும் என்று போகாமல் விடாதீர்கள். விட்ட இடத்தில் இருந்து தொடரலாம், முதலில் இருந்து தொடங்கத் தேவையில்லை.

இன்னும் ஒன்று. ஆறாம் மாத ஊசிக்குப் போகும்போது மகனின் இடது கையைப் பாருங்கள். இப்போது சீழ் கட்டியிருக்கிற இடத்தில் அப்போது சின்னத் தழும்பு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மிஸ்ஸிடம் காட்டுங்கள், பீ.சி.ஜி. இன்னொரு முறை போடுவார்கள்.